‘ரவுட்’ (rout) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் ‘படுதோல்வி’ என்று பொருள் கொள்வது சரியா?

அகராதியில் ‘படுதோல்வி’ என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்துவிட்டு மனம் ஒப்பாமல்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நெடுங்காலமாக மொழிபெயர்ப்பில் இருப்பவன் என்ற முறையில், உங்கள் ஐயம் நியாயமானது என்பேன். தோல்வி எவ்வளவு பெரியது என்பதைவிட, தோற்றவர்கள் எவ்வாறு கலைந்தார்கள் என்பதையே அச்சொல் முதன்மையாகக் குறிக்கிறது.

அதன் வேர் ‘உடைந்தது’ எனப் பொருள்படும் ‘ருப்தா’ என்ற லத்தீன் சொல். உடைத்துத் திறந்த வழி என்ற பொருளில், நம் பேருந்து ‘ரூட்’டும் அதே வேரிலிருந்து வந்ததுதான். போர்க்களத்தில் அணி உடைந்து ஓடுவது என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. அதற்கு முன்பே இதே வடிவத்தில் கும்பலைக் குறிக்கும் சொல் ஒன்று அங்கே வழங்கியது. கலகம் செய்யத் திரண்டு புறப்படுவதை இங்கிலாந்தின் பொதுச்சட்டம் அப்பெயரால் ஒரு தனிக் குற்றமாகவே வைத்திருந்து, 1986இல்தான் நீக்கியது. 18ஆம் நூற்றாண்டு லண்டனிலோ, செல்வர் வீடுகளில் நடந்த, கூட்டம் நெரியும் மாலை விருந்துக்கும் அதுவே பெயர்.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய நூலொன்றை நான் மொழிபெயர்த்தபோது, வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த புல் ரன் போர் பற்றிய பகுதியில் ‘அணி குலைந்து ஓடினர்’ என்று எழுதியிருந்தேன். பதிப்பாசிரியர் என்னிடம் ஒரு சொல்லும் கேட்காமல் அதைப் ‘படுதோல்வி அடைந்தனர்’ என்று மாற்றிவிட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை. 1861 ஜூலை 21 அன்று நடந்த அப்போரில் வடக்குப் படையில் ஏறத்தாழ 460 பேரும், தெற்குப் படையில் ஏறத்தாழ 390 பேரும் களத்தில் உயிரிழந்தார்கள். இந்த எண்களை மட்டும் பார்ப்பவருக்கு அங்கே நடந்தது விளங்காது. தோற்ற வடக்குப் படை பின்வாங்கும் வழியில், கப் ரன் ஓடையின் பாலத்தில் குண்டு பட்டுக் கவிழ்ந்த வண்டி பாதையை அடைத்ததும், வீரர்கள் துப்பாக்கிகளையும் முதுகுப்பைகளையும் எறிந்துவிட்டு ஓடினார்கள். போரை வேடிக்கை பார்க்க வாஷிங்டனிலிருந்து வண்டி கட்டி வந்திருந்தவர்களும் அவர்களோடு சிக்கிக்கொண்டார்கள். ஆல்ஃபிரட் ஈலி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் சிறைபிடிக்கப்பட்டார். ‘படுதோல்வி’ என்ற சொல்லில் இந்த ஓட்டம் எங்கே இருக்கிறது?

கிரிக்கெட் செய்திகளில் பெரிய தோல்விக்கெல்லாம் ‘ரவுட்’ என்றே எழுதுகிறார்களே என்று சிலர் கேட்கலாம். அவ்வழக்கு ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்டது. அகராதிகளும் அதை ஏற்கின்றன. அதைத் தவறென்று நான் சொல்லவில்லை. விளையாட்டுச் செய்தியையோ தேர்தல் முடிவையோ மொழிபெயர்க்கும்போது ‘படுதோல்வி’ என்றே எழுதலாம். போர் வரலாற்றில் மட்டும் அது போதாது. 1940இல் பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000க்கும் மேற்பட்ட வீரர்கள் கப்பலேற்றப்பட்டதற்கு முன் நேச நாடுகள் அடைந்ததும் பெருந்தோல்விதான். ஆனால் கடற்கரையில் வரிசை கட்டி நின்று கப்பலேறிய அந்தப் படையை ‘ரவுட்’ ஆனது என்று சொல்வது பொருந்தாது.

ஆகவே உங்கள் வாக்கியத்தில் தோற்றவர்கள் ஒழுங்காகப் பின்வாங்கினார்களா, சிதறி ஓடினார்களா என்று முதலில் பாருங்கள். ஓடியிருந்தால், ‘சிதறியோடினர்’, ‘புறமுதுகிட்டு ஓடினர்’ ஆகியவற்றுள் இடத்துக்குப் பொருந்துவதைத் தயங்காமல் எழுதுங்கள்.