ஆழமா, பருவமா: கடலடி மாதிரிகளை ஒப்பிடுவது பற்றி

வணக்கம். பரங்கிப்பேட்டைக்கு அப்பால் 10 மீட்டர் ஆழத்தில் டிசம்பரிலும் 40 மீட்டரில் ஏப்ரலிலும் எடுத்த மாதிரிகளில், ஆழமான இடத்தில் புழுக்கள் கூடுதலாக இருந்ததற்கு ஆழமே காரணம் என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. வடகிழக்குப் பருவமழையின்போது வெள்ளாறு கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் கரையோரத்தில் உவர்ப்பைக் குறைத்து, அலைகளோடு சேர்ந்து அடிப்படிவையும் கலக்கிவிடுவதால், டிசம்பரில் நீங்கள் கண்ட குறைவு மழையின் விளைவாகவும் இருக்கக்கூடும். உவர்ப்பு மீண்டு பாலிகீட் என்ற கடற்புழு வகையின் இளம் புழுக்கள் குடியேறியபின் அதே 10 மீட்டரில் எண்ணிக்கை பெருகலாம். ஆழம் கூடினால் பருவம் பொருட்டல்ல என்றும் கொள்ள முடியாது: வடகிழக்கு அட்லாண்டிக்கின் போர்க்குபைன் ஆழ்கடல் சமவெளியில், ஏறத்தாழ 4,800 மீட்டர் ஆழத்துக்கும் மேற்பரப்புப் பாசிகளின் எச்சம் பருவந்தோறும் இறங்கி, கடல் அட்டைகளுக்கு உணவாகிறது.

ஆகவே இரு ஆழங்களிலும் ஒரே வாரத்தில், மழைக்கு முன்பும் பின்பும், இடத்துக்கு மூன்று கிராப் (கடலடி மண்ணைக் கவ்வி எடுக்கும் கருவி) மாதிரிகளாவது எடுங்கள். ஆழத்தின் கணக்கில் நாம் எழுதிவிடும் வேறுபாடு சில வேளைகளில் மணல், வண்டல் விகிதத்தால் வருவது. அந்த விகிதத்தையும் ஒவ்வொரு மாதிரியிலும் அளந்துகொள்ளுங்கள். சல்லடை எப்போதும் 0.5 மில்லிமீட்டராகவே இருக்கட்டும்; 1 மில்லிமீட்டர் சல்லடையில் நூலிழை போன்ற இளம் புழுக்கள் நழுவிவிடும். ரோஸ் பெங்கால் சாயமிட்டால், பழுப்புக் கசடுக்கு நடுவே அவை இளஞ்சிவப்பாகத் தெரியும்.