செஸ் இன்ஜினும் புது பிராசசரும்: பர்மா நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (மோல்மேன்): அண்ணே, மூன்றாம் தலைமுறை ஐ5 லேப்டாப்பில் ஸ்டாக்ஃபிஷ் என்கிற செஸ் இன்ஜினை (செஸ் ஆடும் புரோகிராமை) இறக்கினேன். திறந்தவுடனே மூடிக்கொள்கிறது. லேப்டாப் போய்விட்டதா?

பதில்: லேப்டாப் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. நீங்கள் இறக்கியது ஏவிஎக்ஸ்2 கோப்பாக இருக்கும். ஏவிஎக்ஸ்2 என்பது பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் பிராசசர் கட்டளைகள். அந்தக் கட்டளைகள் இன்டெலில் 2013-இல் வந்த ஹாஸ்வெல்லிலிருந்துதான், அதாவது நான்காம் தலைமுறையிலிருந்துதான் உண்டு. பழைய பிராசசர்களுக்கான, எஸ்எஸ்இ41-பாப்கவுண்ட் என்று பெயரில் வரும் கோப்பை எடுங்கள், ஓடும்.

கேள்வி (ரங்கூன்): அண்ணா, நானே ஒரு இன்ஜின் எழுதுகிறேன். எல்லாரும் பிட்போர்டு என்கிறார்களே, அவ்வளவு அவசியமா?

பதில்: அவசியம்தான்மா. பலகையில் 64 கட்டம், இன்றைய பிராசசர் கையாளும் ஒரு எண்ணில் 64 பிட் (0 அல்லது 1). கட்டத்துக்கு ஒரு பிட், அதுதான் பிட்போர்டு. வெள்ளைச் சிப்பாய்கள் நிற்கும் இடமெல்லாம் ஒரே எண்ணில் அடங்கிவிடும், அதை எட்டு பிட் நகர்த்தி காலிக் கட்டங்களோடு ஆண்ட் போட்டால் (இரண்டிலும் 1 உள்ள பிட்டுகளை மட்டும் வைத்தால்) எல்லாச் சிப்பாய்களின் ஒரு கட்ட நகர்த்தலும் ஒரே வீச்சில் கிடைத்துவிடும். 32 பிட் காலத்தில் இதையே இரண்டு துண்டாகச் செய்ய வேண்டியிருந்தது. யானையின் வழிகளுக்கு பெக்ஸ்ட் கட்டளை இருக்கிறது: குறுக்கே நிற்கும் காய்களின் பிட்டுகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்துத் தரும், அந்த எண்ணை வைத்து அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஏஎம்டி ரைசனில் 2020-இல் ஜென் 3 என்ற தலைமுறை வரும்வரை இந்தக் கட்டளை ரொம்ப மெதுவு. உங்களுடையது பழைய ரைசன் என்றால் ஒரு தனி எண்ணால் பெருக்கி அட்டவணை இடத்தைக் கண்டுபிடிக்கும் மேஜிக் எண் முறையே மேல்.

கேள்வி (மாண்டலே): எட்டு கோர் வாங்கினால் நாலு கோரைவிட இரண்டு மடங்கு பலமா?

பதில்: இல்லை. வேகம் இரட்டித்தாலும் ஒரு நகர்த்தல் அளவுதான் ஆழம் கூடும். கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது அந்த வேகமும் குறையும்.

கேள்வி (பீகு): 1997-இல் உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற ஐபிஎம் கம்ப்யூட்டர் டீப் புளூவை இன்றைய போன் வெல்லுமா?

பதில்: வெல்லும். டீப் புளூவில் செஸ்ஸுக்கென்றே செய்த 480 சிப்புகள், விநாடிக்குச் சுமார் 20 கோடி பலகை நிலைகளைப் பார்த்தது. போன் அந்த எண்ணிக்கையை எட்டாது, ஆனால் எந்த வழியைப் பாராமலே விடலாம் என்று இன்றைய இன்ஜினுக்குத் தெரியும். என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய திருப்பம் என்என்யூஇ. யூ நாசு என்பவர் ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக 2018-இல் செய்த, ஒரு நிலை எவ்வளவு நல்லது என்று மதிப்பிடும் நரம்பு வலை (மூளையைப் போலக் கற்கும் புரோகிராம்) அது, 2020-இல் ஸ்டாக்ஃபிஷ் 12-க்குள் வந்தது. ஒரு காய் நகர்ந்தால் முழு வலையையும் திரும்பக் கணக்கிடாது, மாறின பங்கை மட்டும் கூட்டிக் கழிக்கும். எண்களும் சின்ன முழு எண்கள், ஏவிஎக்ஸ்2 ஒரே கட்டளையில் பதினாறைக் கூட்டிவிடும். ஜிபியூ (கிராபிக்ஸ் சிப்) வேண்டாம். விநாடிக்குப் பார்க்கும் நிலைகள் குறைந்தன, ஆட்டமோ வெகுவாக ஏறியது.

கேள்வி (தட்டோன்): மகனுக்காகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாமா?

பதில்: ஆட்டங்களை அலசிப் பார்க்க என்றால் வேண்டாம் அக்கா, இருக்கிற போனே போதும். பையன் இன்ஜின் எழுதப்போகிறான் என்றால் ஏவிஎக்ஸ்2 உள்ள பழைய லேப்டாப் ஒன்று பாருங்கள்.