வீட்ல டேப் இருக்கு, கையில வச்சு ஆடுற கன்சோல் எதுக்கு?

கேள்வி: சார் வணக்கம், பையன் எட்டாவது படிக்கிறான், நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். வீட்ல நல்ல டேப் ஒண்ணு சும்மாதான் கெடக்கு. அவங்க அப்பாவோ "இன்னும் ரெண்டு வருஷத்துல எல்லாம் போன்லயே வந்துரும், இந்த மாதிரி கன்சோல் எல்லாம் காணாம போயிரும்"ங்கிறாரு. வாங்கலாமா வேணாமா?

பதில்: உங்க வீட்டுக்காரர் சொல்றத 2011லயே ஊரே சொல்லுச்சு மேடம். அப்ப அது பாதி உண்மையும்கூட. நின்டெண்டோவோட 3டிஎஸ்ங்கிற கையடக்க கன்சோல் அமெரிக்காவுல 250 டாலருக்கு வந்துச்சு, அரை வருஷம்கூட ஆகல, 170க்கு இறக்கிட்டாங்க. அதுக்கு முந்தின டிஎஸ் 15 கோடிக்கு மேல வித்தது, 3டிஎஸ் அதுல பாதிதான். சோனி அந்த வருஷக் கடைசியில விட்ட வீட்டாங்கிற கன்சோல் இன்னும் மோசம், மெமரி கார்டையே தனியா யானை விலைக்கு வித்தாங்க, 2019ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. சரி கதை முடிஞ்சதுன்னு எல்லாரும் கிளம்பும்போதுதான் 2017ல நின்டெண்டோ ஸ்விட்ச் (பையன் கேக்குற ஸ்விட்ச் 2க்கு முந்தினது) வந்து அதுவும் 15 கோடியத் தாண்டிருச்சு.

அப்ப போன் யாரத்தான் கொண்டு போச்சுன்னா, பஸ்ல போகும்போது பத்து நிமிஷம் டைம்பாஸ் பண்றவங்கள, அவங்க இனிமே திரும்பி வரப்போறதில்ல. பட்டன் வேணும்ங்கிறவங்க மட்டும் நின்னுட்டாங்க. டேப்ல ஒரு ரேஸ் கேம் போட்டு நீங்களே ஆடிப் பாருங்க, ரெண்டு கட்டைவிரலும் ஸ்க்ரீன்ல கால்வாசிய மறைச்சிரும், விரல் பட்டன் மேலதான் இருக்கா நகர்ந்துருச்சான்னு கண்ணால பாத்தாதான் தெரியும், அதுக்குள்ள வண்டி சுவத்துல. அப்புறம் சூடு. பெரும்பாலான போன்லயும் டேப்லயும் ஃபேன் கெடையாது, பெரிய கேமா இருந்தா அரை மணி நேரத்துல கொதிச்சு தானாவே ஸ்பீடக் கொறைச்சிக்கும். ஸ்விட்ச்ல உள்ள குட்டி ஃபேன் இருக்கு, மேல சூடு போக வழியும் இருக்கு.

ஆனா என்னக் கேட்டா இதெல்லாத்தையும் விட காசு விஷயம்தான் பெருசு. போன் கேம் ஃப்ரீன்னு உள்ள கூப்பிட்டு அப்புறம் கேமுக்குள்ள செலவு பண்ற டைமண்டு, ஆளுக்கு மாட்டுற டிரஸ் (ஸ்கின்), மாசா மாசம் பாஸ்னு கறக்கும். கன்சோல்ல ஒரே அடியா வாங்கிடுவாங்க, மரியோ கார்ட் வேர்ல்டு ஒண்ணு மட்டும் 80 டாலர், நம்ம காசுக்கு ஏழாயிரம் பக்கம். வயிறு எரியும்தான், ஆனா டவுன்லோடு பண்ணாம கடையில கேம் கார்டா வாங்குனா ஆடி முடிச்சிட்டு வித்துரலாம். ஒரு எச்சரிக்கை, ஸ்விட்ச் 2ல கேம்-கீ கார்டுன்னு ஒரு வகை இருக்கு, அந்தக் கார்டுக்குள்ள கேமே இருக்காது, நெட்ல இறக்கித்தான் ஆடணும், அட்டைப்பெட்டியில போட்டிருக்கும் படிச்சிட்டு வாங்குங்க.

அதனால பையன்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க, என்ன கேம் ஆடப் போறன்னு. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மாதிரி போன்ல ஆடுற துப்பாக்கிச் சண்டை கேம்னு சொன்னா ஸ்விட்ச் தண்டம், அதுல அது வராது. நின்டெண்டோவோட பெரிய மரியோ, செல்டா, போகிமான் கேம்னா டேப்ல தலகீழா நின்னாலும் வராது. மைன்கிராஃப்டுன்னா ரெண்டுலயும் ஓடும், டேப்பே போதும்.

கேள்வி: டேப்புக்கு ஒரு கன்ட்ரோலர் வாங்கிக் குடுத்து சமாளிக்கலாமா?

பதில்: தாராளமா. எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் எல்லாம் ப்ளூடூத்ல ஆண்ட்ராய்டுக்கும் ஐபேடுக்கும் சேரும். ஆனா பிஜிஎம்ஐ மாதிரி கேம் கன்ட்ரோலர ஒத்துக்காது, அதுக்குன்னு எவனாவது ஆப் போட்டுத் தரேன்னு சொன்னா வேணாம், அக்கவுன்ட்ட பேன் பண்ணிருவாங்க.

கேள்வி: ஸ்விட்ச் 2 ஒரு கடையில ரொம்ப கம்மியா சொல்றாங்க, நம்பலாமா?

பதில்: நின்டெண்டோ இந்தியாவுல நேரடியா விக்கிறதே இல்ல, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்தாலும் ஆன்லைன்ல இருந்தாலும் எல்லாம் வெளிய இருந்து வந்த பீஸ்தான், கம்பெனி வாரண்டி இங்க செல்லாது. ரொம்ப கம்மின்னா முதல்ல அது ஜப்பான் பீஸான்னு பாருங்க. ஜப்பான்ல அந்த ஊருக்குன்னே கம்மி விலையில ஒண்ணு விக்கிறாங்க, 2025ல வந்தப்ப அது 49,980 யென், பல மொழி இருக்கிறது 69,980 யென். கம்மி விலை பீஸ்ல மெனு பூரா ஜப்பானீஸ்தான், மாத்தவே முடியாது, ஜப்பான் அக்கவுன்ட்தான் அதுல சேரும். கடையில ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க, லாங்குவேஜ் செட்டிங்குல இங்கிலீஷ் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் காச எடுங்க. கடைக்காரர் எத்தன மாசம் தன் பொறுப்புல சர்வீஸ் பண்ணுவாருங்கிறத பில்லுலயே எழுதி வாங்கிக்கங்க, வாய்ப்பேச்சு வேணாம். நாளைக்கு 1915க்கு போன் பண்ணி கன்ஸ்யூமர் புகார் குடுக்கிறதா இருந்தாலும் மொதல்ல பில்லதான் கேப்பாங்க.