அடுப்படிக் கேள்விகள்: வெங்காயம் பொன்னிறமாகும்வரை

சென்ற இதழில் உருளைக்கிழங்கு சீஸ் பேக் குறிப்பைப் பத்து வரியில் எழுதியிருந்தேன். பத்து வரி போதவில்லை என்பது வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் இந்த மாதம் வேறு எதுவும் இல்லை, இது மட்டும்தான்.

அக்கா, உங்கள் சீஸ் பேக்கை மகனின் பிறந்தநாளுக்குச் செய்தேன். மேலே கருகிவிட்டது, நடுவில் கிழங்கு நறுக்கென்று இருந்தது, அடியில் தண்ணீர் நின்றது, சீஸ் எண்ணெயாகப் பிரிந்துவிட்டது. வெங்காய வாசமே வரவில்லை. என்னிடம் இருப்பது 30 லிட்டர் மேசை ஓவன். எங்கே தப்பு செய்தேன்? (ஈசூன் வாசகி)

தங்கச்சி, பிள்ளையின் பிறந்தநாளில் இப்படி ஆனால் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். தப்பு உங்கள்மேல் இல்லை. "வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனது நான். அந்த ஒரு வரிக்குள் முக்கால் மணி நேரம் இருக்கிறது. இந்தப் பதார்த்தத்தின் உயிரே அந்த முக்கால் மணி நேரம்தான், சீஸ் இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான்கு பெரிய வெங்காயம், சுமார் 600 கிராம். நீளவாக்கில், தீக்குச்சி தடிமனுக்கு அரியுங்கள். பொடியாக நறுக்கினால் சீக்கிரம் கருகும். அடி கனத்த அகலச் சட்டியில் 20 கிராம் வெண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் விட்டு, வெங்காயத்தையும் அரைத் தேக்கரண்டி உப்பையும் போடுங்கள். தீ நடுத்தரத்துக்கும் கீழே இருக்கட்டும். வெங்காயத்தில் நூற்றுக்கு 89 பங்கு தண்ணீர். முதல் பத்து நிமிடம் அந்தத் தண்ணீர் வெளியே வந்துகொண்டே இருக்கும். சட்டிக்குள் மழை பெய்வதுபோல் சத்தம் கேட்கும், வெங்காயம் கண்ணாடியாகும், அவ்வளவுதான். பலர் இங்கேயே வதங்கிவிட்டது என்று இறக்கிவிடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும். மீதித் தண்ணீரெல்லாம் பிறகு ஓவனுக்குள் இறங்கி அடியில் நின்றிருக்கும்.

இருபது நிமிடத்தில் சத்தம் அடங்கும். தண்ணீர் போனபிறகுதான் வெங்காயத்தின் சர்க்கரை நிறம் மாறத் தொடங்கும். சட்டியின் அடியில் காவி நிறத்தில் ஒரு படலம் பிடிக்கும். பயப்படாதீர்கள், அதுதான் சுவை. ஒரு மேசைக்கரண்டி தண்ணீரைத் தெளித்து மரக்கரண்டியால் சுரண்டினால் படலம் கரைந்து வெங்காயத்தோடு சேர்ந்துகொள்ளும். மறுபடி பிடிக்கும், மறுபடி தெளியுங்கள். நான்கு முறை இப்படிச் செய்தால் நாற்பது நிமிடம் ஓடியிருக்கும். வெங்காயம் கருப்பட்டிப் பாகு நிறத்துக்கு வந்து, கரண்டியால் ஒதுக்கினால் நடுவில் விழும் பாதை மூடாமல் அப்படியே நிற்கும். மலைபோல் இருந்த வெங்காயம் ஒரு தேநீர்க் குவளைக்குள் அடங்கிவிடும். அதில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். முதலில் இனிப்பு, அதன் பின்னால் கறி வறுத்த சட்டியைச் சுரண்டியதுபோல ஒரு சுவை. நீங்கள் தேடிய வெங்காய வாசம் அங்கே இருக்கிறது.

ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் சிவக்கும் என்பார்கள். சிவக்கும், ஆனால் கூழாகிவிடும். வேண்டாம்.

கிழங்கு 1.2 கிலோ. நம் சிங்கப்பூர் ஈரச் சந்தையில் ஹாலந்து கிழங்கு என்று கேட்டால் தருவார்கள் (சீனாவிலிருந்து வருவதற்கும் இங்கே அதே பெயர்தான்). மஞ்சள் சதை, வெந்தாலும் உடையாது. அமெரிக்க ரஸ்ஸெட் மாவாகக் கரையும், குழைவாக வேண்டுமென்றால் அதை வாங்குங்கள். கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, சுடும்போது கண்டபடி கறுக்கும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் வில்லைகளாக அரிந்து, உப்புத் தண்ணீரில் ஆறேழு நிமிடம் கொதிக்க விடுங்கள். கத்தி நுனி இறங்க வேண்டும், ஆனால் வில்லை உடையக்கூடாது. வடிகட்டி ஐந்து நிமிடம் அப்படியே ஆவி போகட்டும். இந்த ஐந்து நிமிடத்தை விட்டால் அடியில் மறுபடி தண்ணீர் நிற்கும். புளித்த கிரீமோ தயிரோ சேர்ப்பவர்கள் கிழங்கை முன்கூட்டியே வேகவைத்தே ஆகவேண்டும். புளிப்பு பட்ட கிழங்கு எவ்வளவு நேரமானாலும் லேசில் இளகாது. நம் சாம்பாரில் கிழங்கு வெந்தபிறகு புளி ஊற்றுவது இதற்காகத்தான்.

இனி சாஸ். 40 கிராம் வெண்ணெயில் 40 கிராம் மைதாவைப் பச்சை வாசம் போக இரண்டு நிமிடம் வறுத்து, 600 மில்லி முழுக்கொழுப்புப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டுங்கள். கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். சீஸ் போடுவது அதற்குப் பிறகுதான். கொதிக்கும் சாஸில் சீஸைப் போட்டால் அதன் புரதம் இறுகிக் கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். நீங்கள் பார்த்த எண்ணெய் அதுதான். 200 கிராம் செடார் சீஸைக் கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். துருவி பாக்கெட்டில் வருவதில் ஒட்டாமலிருக்க மாவுத்தூள் தூவியிருப்பார்கள், அது வழவழப்பாக உருகாது. இன்னொன்றும் சொல்கிறேன். பிள்ளைகளின் ரொட்டிக்கு வைத்திருக்கும் சீஸ் வில்லை இரண்டைச் சேர்த்து உருக்குங்கள். 1911ல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் சிட்ரேட் உப்பு சேர்த்துத்தான் இந்தப் பதப்படுத்திய சீஸை உருவாக்கினார்கள். கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைப்பது அந்த உப்பின் வேலை. இரண்டு வில்லை போட்டால் உங்கள் சாஸையும் அது காப்பாற்றும். வெள்ளை மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, ஜாதிக்காய் ஒரு துருவல் போதும்.

பாத்திரத்தில் கிழங்கு, வெங்காயம், சாஸ் என்று மூன்று அடுக்கு. மேசை ஓவனில் மேல் கம்பி பாத்திரத்துக்கு மிக அருகில் இருப்பதுதான் கருகலுக்குக் காரணம். கீழ்த்தட்டில் வையுங்கள், அலுமினியத்தாளால் இறுக மூடுங்கள், 180 டிகிரியில் 30 நிமிடம். பிறகு தாளை எடுத்துவிட்டு 15 நிமிடம். கடைசி ஐந்து நிமிடத்தில் மேலே பொரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி தூவுங்கள். தேக்கா சந்தையில் பாவாங் கோரெங் என்று பொட்டலமாகவே கிடைக்கும். முன்னாடியே தூவினால் கசந்துபோகும். வெளியே எடுத்ததும் 15 நிமிடம் யாரையும் தொடவிடாதீர்கள், அதற்குள் சாஸ் இறுகித் துண்டாக வெட்ட வரும்.

அடுத்த பிறந்தநாள்வரை காத்திருக்காமல் இந்தச் சனிக்கிழமையே மகனுக்குச் செய்து கொடுங்கள்.

எந்த வெங்காயம் நல்லது? இந்திய வெங்காயமா, மஞ்சள் வெங்காயமா? (பொங்கோல் வாசகர்)

இரண்டுமே. நான் வெகுநாள் இந்தியச் சிவப்பு வெங்காயத்தைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தி, 2024 மே வரை அது நீடித்தபோது, கையில் கிடைத்த மஞ்சள் வெங்காயத்தில் செய்து பார்த்தேன். நிறம் தெளிவான பொன்னாக வந்தது, இனிப்பும் குறையவில்லை. சிவப்பில் காரமும் மணமும் கூடுதல், நிறம் கொஞ்சம் மங்கல். இப்போது இரண்டு இரண்டாகக் கலந்து போடுகிறேன்.

ஆண்ட்டி, நான் என்எஸ்ஸில் (தேசிய ராணுவச் சேவையில்) இருக்கிறேன். வார இறுதியில்தான் வீடு. முக்கால் மணி நேரம் வெங்காயம் வதக்க முடியாது. பாக்கெட் ஆனியன் சூப் தூள் போடலாமா? (செங்காங் வாசகர்)

தாராளமாகப் போடலாம் தம்பி. அமெரிக்காவில் 1950களிலிருந்து அந்தத் தூளைப் புளித்த கிரீமில் கலந்து உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள், அந்த மணமும் கிழங்கும் பழைய கூட்டாளிகள். ஒரு பாக்கெட்டைப் பாலில் கரைத்துச் சாஸில் சேருங்கள், வேறு உப்பு போடாதீர்கள், அதிலேயே நிறைய இருக்கிறது. பொருள் பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்கள். சிலவற்றில் மாட்டிறைச்சிச் சாறு இருக்கும். உங்கள் வீட்டில் சாப்பிடுவார்களோ என்னவோ, அம்மாவுக்குத் தெரியாமல் போகக்கூடாது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். வெங்காயத்தை ஒரே நாளில் ஒரு கிலோவாக வதக்கி உறைய வைத்துவிட்டால் ஒரு மாதத்துக்குக் கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குத் திரும்பும் முன் அம்மாவோடு நின்று ஒருமுறை வதக்கிப் பாருங்கள்.

புரட்டாசியில் எங்கள் வீட்டில் சுத்த சைவம். சீஸ் சைவம்தானே? (புக்கிட் பாத்தோக் வாசகி)

நல்ல வேளை கேட்டீர்கள் அம்மா. எல்லாச் சீஸும் சைவம் இல்லை. பாலைத் திரிய வைக்க ரெனட் என்ற நொதியைச் சேர்ப்பார்கள். பழைய முறையில் அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. இத்தாலியின் பர்மிஜானோ ரெஜ்ஜானோ இன்றும் அப்படித்தான் செய்யப்படுகிறது. அதனால் சனிக்கிழமை விரதத்துக்கு அதை வாங்காதீர்கள். செடாரில் நுண்ணுயிரி ரெனட் என்றோ சைவத்துக்கு ஏற்றது என்றோ அட்டையில் போட்டிருக்கும் வகைகள் பேரங்காடிகளில் கிடைக்கின்றன. வெறும் "ரெனட்" என்று மட்டும் இருந்தால் எடுக்க வேண்டாம். ஹலால் முத்திரை இருப்பதாலேயே சைவம் என்றும் ஆகிவிடாது, இரண்டும் வேறு வேறு.

தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு முந்தின நாளே செய்து வைக்கலாமா? (தெம்பனிஸ் வாசகி)

அடுக்கி, ஆறவிட்டு, மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சுடுவது மட்டும் மறுநாள். குளிராக இருப்பதால் மூடிச் சுடும் நேரத்தை 45 நிமிடமாக்குங்கள். கண்ணாடிப் பாத்திரம் என்றால் அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள், சில்லென்ற கண்ணாடி சூட்டில் விரிசல் விடும். சுட்டபிறகு மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் பாலும் கிழங்கும் சேர்ந்த பதார்த்தம் தாங்காது. காலையில் ஒரு தட்டு, மாலை விருந்தாளிகளுக்கு ஒரு தட்டு என்று இரண்டு சின்னப் பாத்திரத்தில் பிரித்துச் சுடுவது நல்லது.

தமிழ்ப் பத்திரிகையில் வெள்ளைக்காரர் சாப்பாடு எதற்கு? நம்முடையது ஆயிரம் இருக்கிறதே. (தோ பாயோ வாசகர்)

ஐயா, உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. நம்முடையதை நான் விட்டுவிடவில்லை. ஆனால் இந்தப் பதார்த்தம் என் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

குவீன்ஸ்டவுனில் மூவறை வீட்டில் இருந்தபோது என் மாமியார் தவறினார். வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. எதிர்வீட்டு யுரேஷியன் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சம்) ஆண்ட்டி கதவருகே வந்து, "நீங்கள் என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக்கூடாது?" என்று மட்டும் கேட்டார். இறைச்சி, முட்டை கூடாது என்றேன். மாலையில் துண்டால் சுற்றிய கண்ணாடித் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். உள்ளே இதுதான். இரண்டு நாளாக ஒரு வாய் சாப்பிடாத என் மாமனார், அதில் ஒரு துண்டை விரலால் பிய்த்து மெதுவாகத் தின்றார். ஓரத்தில் முறுகியிருந்த பகுதியைத் தேடி எடுத்து இன்னொரு துண்டும் தின்றார். பாலோடு வதங்கிய வெங்காய மணம் அந்தக் கூடத்தில் இருந்தது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இதே மாதிரிப் பதார்த்தத்துக்கே சாவு வீட்டு உருளைக்கிழங்கு என்று பெயர். துக்க வீட்டுக்குத் தேவாலயப் பெண்கள் செய்து கொண்டுபோவார்கள். 2002ல் சால்ட் லேக் சிட்டியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது அந்தப் பதார்த்தத்தின் படம் போட்ட சட்டை ஊசிகூட விற்றார்களாம். இழவு வீட்டுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நாமும்தானே ஐயா. அவர்கள் கிழங்கைக் கொண்டுபோகிறார்கள்.

எங்கள் வீட்டில் ஓவனே இல்லை, ஏர் ஃபிரையர்தான். முடியுமா? பச்சை மிளகாய் சேர்க்கலாமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

இரண்டுக்கும் ஆம். மிளகாயை விதை நீக்கி, வெங்காயம் வதங்கும் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள், கூடவே ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை. ஏர் ஃபிரையரில் மேலே சொன்ன அளவில் மூன்றில் ஒரு பங்கு பிடிக்கும். 160 டிகிரியில் அலுமினியத்தாளால் மூடி 20 நிமிடம், திறந்து ஐந்தாறு நிமிடம். தாளைப் பாத்திரத்தின் விளிம்பில் நன்றாக மடித்து இறுக்குங்கள், தளர்ந்திருந்தால் காற்று தூக்கிக்கொண்டுபோய்ச் சூட்டுக்கம்பியில் ஒட்டவைத்துவிடும். பொரித்த வெங்காயத்தை உள்ளே தூவாதீர்கள், அதுவும் பறக்கும். வெளியே எடுத்தபிறகு தூவினால் போதும். பாத்திரம் வாங்கும் முன் கூடையின் உள்ளளவை நூல் வைத்து அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.