நிலையத்தருகே வீடு யாருக்கு?

அன்புள்ள ஐயா,
மெட்ரோ நிலையங்களை ஒட்டி அடுக்குமாடிகள் கட்டக் கூடுதல் எஃப்எஸ்ஐ (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) தருகிறார்கள். வாடகை ஏறி ஏழைகள்தான் வெளியேறுவார்கள். அங்கே உயரமாகக் கட்டுவதையே எதிர்த்து மனு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். உங்கள் கருத்து?
ஆர்., வேளச்சேரி

அன்புள்ள ஆர்.,

எனக்கு உடன்பாடில்லை. வீடு கட்டினாலும் கட்டாவிட்டாலும், நிலையம் வருகிறது என்றதுமே மனை விலை ஏறிவிடும். கட்டாமல் விட்டால் இருக்கிற நாலு வீட்டுக்குப் பத்துப் பேர் போட்டியிடுவார்கள். அதில் தோற்பவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

சென்னையில் ஏழைகளைப் பெருமளவில் வெளியேற்றியது அடுக்குமாடி அல்ல, அரசு. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஊருக்குத் தெற்கே கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள். வீடு கிடைத்தது, பலருக்கு வேலை போனது. நாலு தெரு நடந்து வீட்டுவேலைக்குப் போய்வந்த பெண், இரண்டு பஸ் மாறி வந்து பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்பினால் கையில் என்ன நிற்கும்? 2021-ல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் வந்தபின் டிக்கெட் காசு மிச்சம். வழியில் போகிற நேரம் அப்படியேதான் போகிறது.

இப்போது 45.8 கி.மீ. நீள மாதவரம்–சிப்காட் மெட்ரோ தடம் பழைய மகாபலிபுரம் சாலை வழியாக வருகிறது. அந்தச் சாலையிலிருந்து கண்ணகி நகர் ஷேர் ஆட்டோ தூரம்தான். ஊருக்கு வெளியே என்று தள்ளிய இடத்துக்கே மவுசு வரப்போகிறது. (இவர்களை இன்னும் தெற்கே அனுப்பலாமே என்று யாரும் கோப்பு தயாரிக்காமல் இருக்க வேண்டும்.)

சிங்கப்பூரில் 2021-ல் நகர மையப் பகுதியில் அரசு கட்டி விற்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். கூடுதல் மானியம் உண்டு. ஆனால் பத்து ஆண்டு குடியிருந்தாக வேண்டும், முழு வீட்டையும் வாடகைக்கு விடக்கூடாது, விற்றால் மானியத்தில் ஒரு பங்கு திரும்பப் போகும். அங்கே பெரும்பாலான நிலம் அரசுடையது, நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் கூடுதல் எஃப்எஸ்ஐ அரசு தருகிற சொத்துதானே? அதற்குக் கட்டணம் வாங்கியதோடு கடமை முடிந்தது என்றிருப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அப்படிக் கூடுதலாகக் கட்டுவதில் ஒரு பங்கு அதே வளாகத்தில் சிறிய வாடகை வீடுகளாக வரவேண்டும். மெட்ரோ வாசலில் குடியிருப்பவருக்குக் கார் நிறுத்த இடம் கட்டாயம் என்பதும் வேடிக்கை. அந்தச் செலவும் வீட்டு விலையில்தான் ஏறுகிறது.

மனுவில் ‘கட்டாதே’ என்பதை அடித்துவிட்டு, சிறிய வாடகை வீடுகள் வேண்டும், கார் நிறுத்த இடம் கட்டாயம் வேண்டாம் என்ற இந்த இரண்டையும் எழுதுங்கள். நானும் கையெழுத்திடுகிறேன்.