கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 36. இரண்டு குழந்தைகள். இரண்டுமே வலி எடுப்பதற்கு முன்பே சிசேரியன். மூன்று வருடங்களாகப் பீரியட்ஸ் நாட்களில் அதிகப் போக்கு, கட்டி கட்டியாகப் படுகிறது. ஹார்மோன் காயில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார் டாக்டர். வைக்கும்போது வலியில் மயக்கமே வரும் என்று பயமுறுத்துகிறார்கள். பீரியட்ஸ் நின்றுபோனால் கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம். இந்தப் பயத்தினாலேயே நல்ல சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லிவிடும் பெண்கள் நிறைய.

மாதவிடாயில் வெளியேறுவது கெட்ட ரத்தம் அல்ல. கரு தங்குவதற்காக மாதாமாதம் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடிக்கிறது. கரு தங்காதபோது அது உதிர்ந்து ரத்தத்தோடு வெளியே வருகிறது. காயில் என்பது கர்ப்பப்பைக்குள் வைக்கும் சின்ன 'டி' வடிவக் கருவி. அதில் இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் அந்தச் சவ்வைத் தடிக்கவே விடாது. உதிர ஒன்றும் இல்லாததால் போக்கும் குறைகிறது. உள்ளே எதுவும் சேராதபோது தங்குவதற்கு என்ன இருக்கிறது? சினைப்பைகள் பெரும்பாலும் வழக்கம்போலவே வேலை செய்யும் என்பதால் இது மெனோபாஸும் அல்ல. ஒரு வருட முடிவில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்குப் பீரியட்ஸ் முழுவதும் நின்றிருக்கும். மற்றவர்களுக்கு வெகுவாகக் குறைந்திருக்கும்.

ஆனால் அந்த நிலைக்கு வர நாளாகும். முதல் 3 முதல் 6 மாதம் வரை நாள் கணக்கு இல்லாமல் சொட்டுச் சொட்டாகப் படும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால், "ஒத்துக்கொள்ளவில்லை" என்று அவசரப்பட்டு எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. காலண்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள், மாதத்துக்கு மாதம் குறைவது கண்ணுக்குத் தெரியும்.

வைப்பதற்கு முன், இவ்வளவு போக்குக்குக் காரணம் என்ன என்று பார்த்தாக வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்குழியை அழுத்தும் ஃபைப்ராய்டு கட்டியோ பாலிப் என்ற சதை வளர்ச்சியோ இருந்தால் காயில் சரியாக உட்காராமல் நழுவி விழலாம். ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள், மூன்று வருடப் போக்கு இரும்புச்சத்தைக் கரைத்திருக்கலாம். எந்த அளவு மருந்துள்ள காயில் என்பதையும் கேளுங்கள். 13.5, 19.5 மில்லிகிராம் உள்ள சின்னவை கருத்தடைக்காக வந்தவை. அதிகப் போக்குக்கு வேண்டியது 52 மில்லிகிராம்.

இனி வலி. "கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்புவது நியாயமே இல்லை. சிலருக்கு லேசாகத்தான் இருக்கும். சிலருக்குக் கடுமையாகவே வலிக்கும். உங்களுக்குச் சுகப்பிரசவம் ஆகாததால் கர்ப்பப்பை வாய் ஒருமுறையும் விரிந்திருக்காது. அதனால் சற்றுக் கூடுதலாகவே எதிர்பாருங்கள். முன்பே வலி எடுக்காமல் சிசேரியன் ஆனதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

வலிக்கும் தருணங்கள் மூன்று. முதலில், கர்ப்பப்பை வாயை ஒரு கொக்கிக் கருவியால் பிடித்து லேசாக இழுப்பார்கள். வளைந்த பாதை நேராவதற்குத்தான் இது. இரண்டாவது, மெல்லிய கம்பியால் கர்ப்பப்பையின் ஆழத்தை அளப்பது. வழக்கமாக 6 முதல் 10 சென்டிமீட்டர் வரை இருக்கும். இந்த அளவைத் தவிர்க்கவே முடியாது. ஆழம் தெரியாமல் தள்ளினால்தான் சுவரைத் துளைக்கும் ஆபத்து கூடுகிறது. அப்படித் துளைப்பது 1000 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு நேர்வது. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகம், எனவே இளைய குழந்தை இன்னும் பால் குடித்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, காயில் உள்ளே போவது. 32 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த 'டி' வடிவத்தின் கைகள் ஒரு மெல்லிய குழலுக்குள் மடிந்திருக்கும். மேற்சுவருக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கீழே நிறுத்தி, கைகளை விரியவிட்டு, சுமார் 10 விநாடி பொறுத்த பிறகே மேலே தள்ளி விடுவிப்பார்கள். பொறுக்காமல் தள்ளினால் கைகள் சரியாக விரியாது. மேலே போகாமல் நின்றால் பிறகு கீழே இறங்கிவிடும். கடைசியில், காயிலின் அடியிலிருந்து தொங்கும் நூலைக் கர்ப்பப்பை வாய்க்கு வெளியே 3 சென்டிமீட்டர் விட்டு நறுக்குவார்கள். ஒட்ட நறுக்கிய நூல்தான் துணைவருக்குக் குத்தும். நீளமான நூல் மடங்கிக்கொள்ளும்.

ஒரு மணி நேரம் முன்பு உணவுக்குப் பின் 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் போடலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. பிறகு வரும் இழுத்துப்பிடிக்கும் வலிக்கு அது உதவும், வைக்கும்போது வரும் வலிக்கு அவ்வளவாக இல்லை. அதற்குக் கர்ப்பப்பை வாயைச் சுற்றி லிடோகெய்ன் மரப்பு ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். தேதி வாங்கும்போதே கேட்டால்தான் தயாராக வைத்திருப்பார்கள். நடுவில் "நிறுத்துங்கள்" என்றால் நிறுத்தத்தான் வேண்டும். அதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மயக்கம் என்பது கர்ப்பப்பை வாயைத் தொடும்போது அனிச்சையாக நாடித்துடிப்பு குறைவதால் வருவது. வியர்க்கும், குமட்டும், கண் இருட்டும். காலை உயர்த்திப் படுத்தால் சில நிமிடங்களில் சரியாகும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், சட்டென்று எழுந்து உட்காராதீர்கள்.

பீரியட்ஸ் தொடங்கி 7 நாட்களுக்குள் வைத்தால் கருத்தடை உடனே தொடங்கும். மற்ற நாட்களில், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வைக்க வேண்டும். பிறகு 7 நாள் ஆணுறையும் தேவை.

காயில் தானாக வெளியே வந்துவிடுவது ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் சில மாதங்களில். அதிகப் போக்கு உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். எனவே மாதம் ஒருமுறை விரலால் நூலைத் தொட்டுப் பாருங்கள், இழுக்க வேண்டாம். நூல் தட்டுப்படாவிட்டாலோ, திடீரென நீண்டிருந்தாலோ, நுனியில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டாலோ ஸ்கேன் பார்க்கும்வரை ஆணுறை. முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்போக்கு, நாளுக்கு நாள் ஏறும் அடிவயிற்று வலி இருந்தால் அன்றே போக வேண்டும். மெனஸ்ட்ருவல் கப் பயன்படுத்துபவர் என்றால், அதன் அடியை அழுத்திக் காற்றுப்பிடியை விடுவித்த பிறகே வெளியே எடுங்கள். அப்படியே இழுத்தால் காயிலும் கூடவே வந்துவிடலாம்.

எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். டாக்டர் நூலைப் பிடித்து இழுத்தால் காயிலின் கைகள் மடிந்து சில விநாடிகளில் வந்துவிடும். இன்னொரு குழந்தை வேண்டாம் என்றால், எடுப்பதற்கு 7 நாள் முன்பிருந்தே ஆணுறை பயன்படுத்துங்கள். விந்தணு உள்ளே சில நாள் உயிரோடிருக்கும், காயில் வெளியே வந்ததும் அதன் காவலும் போய்விடுகிறது.