துணிக்கடையில் வெள்ளம்: சர்வேயர் கணக்கை எங்கே சரிபார்ப்பது?

கேள்வி: மழை வெள்ளம் புகுந்து எங்கள் ரெடிமேட் துணிக்கடையில் 3 லட்ச ரூபாய் சரக்கு நாசமாகிவிட்டது. 6 லட்சத்துக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற சிறு தொழில்களுக்கான இன்ஷூரன்ஸ் பாலிசி இருக்கிறது. கடையில் 9 லட்சத்துக்குச் சரக்கு இருந்தது, நீங்கள் குறைத்து இன்ஷூர் செய்திருக்கிறீர்கள் என்று, நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயர் எழுதிவிட்டதால், இன்ஷூரன்ஸ் கம்பெனி 2 லட்சம்தான் தருமாம். அதை ஏற்றுக் கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள். 9 லட்சம் சரக்கில் 6 லட்சத்துக்குத்தான் இன்ஷூரன்ஸ் என்பதால், 3 லட்ச நஷ்டத்திலும் அதே விகிதத்தில் கழித்து 2 லட்சம் என்கிறார்கள். அந்த 9 லட்சம் எப்படி வந்தது என்பதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. சர்வே ரிப்போர்ட்டின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

சரக்கை விலைச்சீட்டில் உள்ள விற்பனை விலைக்கு மதிப்பிட்டிருந்தால் அது தவறு. கொள்முதல் விலைதான் கணக்கு. போன மார்ச் 31 இருப்போடு அதன்பின் வாங்கிய பில்களைக் கூட்டி, விற்ற சரக்கின் அடக்கவிலையைக் கழித்தால் வெள்ளத்தன்று இருந்த மதிப்பு கிடைக்கும். அது 6.80 லட்சம் என்று வந்தால் நிலைமையே மாறிவிடும். இந்தப் பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறை இன்ஷூரன்ஸைக் கண்டுகொள்ளக் கூடாது. அப்போது விகிதக் கழிவே கிடையாது. எக்ஸஸ் தொகையும் (கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு), நனைந்த துணி விலைபோகும் மதிப்பும் போக மீதி முழுவதும் உங்களுக்கு வர வேண்டும். அந்த நனைந்த துணிக்குச் சர்வேயர் அதிக விலை போட்டிருந்தால், இரண்டு வியாபாரிகளிடம் கொட்டேஷன் வாங்கி இணையுங்கள்.

இன்னொரு சிக்கலையும் பாருங்கள். சி.சி. லோனுக்காக (சரக்கின் பேரில் வாங்கும் வங்கிக் கடன்) வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் இருப்பைக் கூட்டிக் காட்டியிருந்தால், அதையே உங்களுக்கு எதிராக எடுப்பார்கள். பலர் சிக்குவது இங்கேதான். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், கொள்முதல் பில், ஆடிட்டர் சான்றிதழ் மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். நாசமான சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் (வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.க்காகக் கழித்துக்கொண்ட தொகையை) திருப்பிக் கட்ட வேண்டும் என்பதால், அந்த வரியையும் நஷ்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆட்சேபத்தை முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணமும் வக்கீலும் தேவையில்லை. தனிநபர் உரிமையிலுள்ள கடைகளும் குறுநிறுவனங்களும் மனுச் செய்யலாம். 50 லட்சம் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம். சர்வேயர் சொன்னதே முடிவு என்று யாராவது வாதிட்டால், அது இறுதி வார்த்தையல்ல என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டுங்கள்.

பணம் உடனே தேவையென்றால் 2 லட்சத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதே நாளில், 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன், மீதியைக் கோரும் உரிமையை விடவில்லை' என்று கம்பெனிக்கு இமெயில் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: சர்வேயர் வருமுன் கடையைக் கழுவலாமா?

பதில்: நீர்மட்டக் கறை தெரியும்படி சுவரையும் அலமாரிகளையும் தேதியுடன் படமெடுத்துவிட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இமெயிலில் சொல்லிவிட்டுக் கழுவலாம். நனைந்த சரக்கை மட்டும் அவர் பார்த்து எண்ணும்வரை வெளியே போகவிடாதீர்கள்.